உயிரியல் பூங்காவில் பறவைகளையும் ஊர்வனவற்றையும் ஒளிப்படம் எடுத்தல்

உயிரியல் பூங்கா ஒளிப்படம் என்பது கூண்டிலோ திறந்தவெளி அடைப்பிலோ வைத்துப் பராமரிக்கப்படும் விலங்குகளை, பார்வையாளர் நிற்கும் இடத்திலிருந்தே படமெடுப்பதைக் குறிக்கும். காட்டில் படமெடுப்பவருக்கு விலங்கைக் கண்டுபிடிப்பதே பெரிய வேலை. பூங்காவில் விலங்கு கண்ணெதிரே இருக்கிறது. ஆனால் அதற்கும் கேமராவுக்கும் இடையில் கம்பி வலை, கண்ணாடி, சுவர், மங்கிய வெளிச்சம், மக்கள் கூட்டம் ஆகியவை இருக்கின்றன. பறவைகளையும் ஊர்வனவற்றையும் எடுப்பதில் இத்தடைகள் மற்ற விலங்குகளைவிடக் கூடுதலாகும். பறவைக் கூண்டுக்கு நான்கு பக்கமும் மேற்புறமும் வலை வேண்டும். பாம்புக்குக் கண்ணாடி அடைப்பு வேண்டும்.

இத்தடைகளைக் கடந்து நல்ல படம் எடுக்கும் முறைகளை இக்கட்டுரை விளக்குகிறது. விலங்கை அசைக்கவோ திரும்பவைக்கவோ சீண்ட வேண்டிய தேவை இம்முறைகள் எதிலும் இல்லை. விலங்கின் பழக்கத்தை அறிந்து காத்திருப்பவருக்கே பூங்காவில் நல்ல படம் கிடைக்கிறது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் சென்னையையும் அதன் சுற்றுப்புறத்தையும் சார்ந்தவை.

பூங்காப் படங்களின் மதிப்பு

கூண்டில் எடுத்த படம்தானே என்று பூங்காப் படங்களைக் குறைத்து மதிப்பிடும் வழக்கம் உண்டு. ஆனால் சில உயிரினங்களைப் பொறுத்தவரை, உயிருடன் இருந்தபோது எடுத்த படங்கள் என்று நம்மிடம் உள்ளவை கூண்டில் எடுத்தவை மட்டுமே. வட அமெரிக்காவில் கோடிக்கணக்கில் வாழ்ந்த பயணிப் புறா இனத்தின் கடைசிப் பறவையான மார்த்தா, 1914 செப்டம்பர் 1 அன்று அமெரிக்காவின் சின்சினாட்டி உயிரியல் பூங்காவில் இறந்தது. அந்த இனம் உயிருடன் இருந்தபோது எடுக்கப்பட்ட ஒளிப்படங்கள் அனைத்தும் அடைத்து வளர்க்கப்பட்ட பறவைகளுடையவை.

இந்தியப் பறவை ஒன்றுக்கும் இதே கதை உண்டு. கங்கைச் சமவெளியின் சதுப்பு நிலங்களில் வாழ்ந்த இளஞ்சிவப்புத் தலை வாத்து, இயற்கையில் உறுதியாகக் காணப்பட்டு 70 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. உயிருள்ள அந்த வாத்தின் படங்கள் 1920களில் இங்கிலாந்தில் ஒரு தனியார் பறவைப் பண்ணையில் எடுக்கப்பட்டவை. படமெடுத்தவர் அன்று ஒரு குளத்தருகே நின்ற சில வாத்துகளைத்தான் எடுத்தார். இன்று அந்த இனத்தைப் பார்க்க விரும்புவோருக்கு எஞ்சியிருப்பது அப்படங்களும் அருங்காட்சியகங்களில் பாடம் செய்து வைத்த உடல்களும்தான்.

அரிய விலங்குகளுக்கு மட்டுமே இந்த மதிப்பு என்று கருத வேண்டியதில்லை. ஒரு முதலையின் மூக்கு வடிவம், ஒரு பாம்பின் செதில் வரிசை, ஒரு நாரையின் அலகு நிறம் ஆகியவற்றை மாணவர்கள் தெளிவாகப் பார்த்து அறிய நல்ல பூங்காப் படங்கள் பெரிதும் உதவும்.

சென்னை வட்டாரத்தில் உள்ள இடங்கள்

சென்னையின் உயிரியல் பூங்கா 1855ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. இந்தியாவின் முதல் பொது உயிரியல் பூங்கா இதுவே. அரசு அருங்காட்சியகத்தின் பொறுப்பாளராக இருந்த எட்வர்ட் கிரீன் பால்ஃபர் எழும்பூரில் அருங்காட்சியக வளாகத்திலேயே இதைத் தொடங்கினார். பிறகு அது சென்ட்ரல் ரயில் நிலையத்தை அடுத்த பீப்பிள்ஸ் பார்க் பகுதிக்கு மாறியது. நகர நெரிசல் கூடியதால் வண்டலூருக்கு இடம்பெயர்ந்து, அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா என்ற பெயரில் 1985இல் திறக்கப்பட்டது. மீட்பு மையத்தையும் சேர்த்து இதன் பரப்பு 602 எக்டேர். பறவைக் கூண்டுகள், பார்வையாளர் உள்ளே நடந்து செல்லக்கூடிய பெரிய பறவைக் கூடம், முதலை அடைப்புகள், பாம்பு இல்லம் ஆகியவை இங்கு உள்ளன. வளாகத்துக்குள் இருக்கும் ஓட்டேரி ஏரிக்குக் குளிர்காலத்தில் வலசைப் பறவைகளும் வருகின்றன.

கிண்டியில் உள்ள பாம்புப் பண்ணை 1972 முதல் அவ்விடத்தில் இயங்கி வருகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில், மாமல்லபுரத்துக்குச் சற்று வடக்கே வடநெம்மேலியில் உள்ள சென்னை முதலைப் பண்ணை 1976இல் தொடங்கப்பட்டது. இந்தியாவில் வாழும் மூன்று முதலை இனங்களையும் அங்கு ஒரே நாளில் படமெடுக்க முடியும்.

பூங்காக்களுக்கு வார விடுமுறை உண்டு. வண்டலூர் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. கேமராவுக்குத் தனிக் கட்டணம் வசூலிக்கும் பூங்காக்களும் உள்ளன. புறப்படும் முன் இவற்றை விசாரித்துக்கொள்வது நல்லது.

கருவிகள்

விலை உயர்ந்த கேமரா இருந்தால்தான் பூங்காவில் படமெடுக்க முடியும் என்பதில்லை. ஒவ்வொரு கருவிக்கும் ஏற்ற இடம் ஒன்று உண்டு.

கைபேசியின் லென்ஸ் மிகச் சிறியது. கண்ணாடி அடைப்பில் அதைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்தால் பிரதிபலிப்பு அநேகமாக மறைந்துவிடும். பாம்பு இல்லத்தில் பெரிய கேமராவைவிடக் கைபேசியே வசதியாக இருப்பதுண்டு. தொலைவில் உள்ள பறவையை எடுப்பதில் அது பின்தங்கிவிடும். திரையை விரலால் விரித்துப் பெரிதாக்கும்போது பெரும்பாலும் படத்தின் ஒரு பகுதி வெட்டிப் பெரிதாக்கப்படுகிறதே தவிர, கூடுதல் விவரம் பதிவாவதில்லை.

பெரிதாக்கும் திறன் கொண்ட சிறிய கேமராக்கள் பகல் வெளிச்சத்தில் பறவைகளுக்குப் போதும். லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா வைத்திருப்போர் 70-300 மி.மீ. வகை லென்ஸ் ஒன்றைக் கொண்டே பூங்காவின் பெரும்பகுதியை முடித்துவிடலாம். பாம்புச் செதில், ஓணானின் கண் போன்ற நுண் விவரங்களுக்கு மேக்ரோ லென்ஸ் உதவும்.

இவற்றோடு மென்மையான துணி ஒன்றும், லென்ஸ் முனையில் பொருத்தும் ரப்பர் வளையம் ஒன்றும் கையில் இருப்பது நல்லது. அடர்நிற உடையின் பயன் கீழே கண்ணாடி பற்றிய பகுதியில் விளக்கப்படுகிறது. குறிப்பேடும் பேனாவும் கேமராவுக்கு இணையாகத் தேவைப்படுபவை. கூண்டின் முன் உள்ள பெயர்ப்பலகையை முதல் படமாக எடுத்துவிட்டுப் பிறகு விலங்கை எடுத்தால், வீட்டுக்கு வந்தபின் எந்தப் படம் எந்த இனம் என்ற குழப்பம் வராது.

கம்பி வலையை மறையச் செய்தல்

பறவைக் கூண்டின் முன் நிற்கும் எவருக்கும் வரும் முதல் ஏமாற்றம், பறவைக்குப் பதிலாகக் கம்பிகள் கூர்மையாகப் பதிவாவதாகும். இதைத் தவிர்க்கக் கேமராவின் இயல்பு ஒன்றைப் புரிந்துகொண்டால் போதும்.

கேமரா எந்தத் தூரத்துக்குக் குவியப்படுத்தப்படுகிறதோ, அந்தத் தூரத்தில் உள்ளவை கூர்மையாகத் தெரியும். அதற்கு மிக முன்னால் இருப்பவை மங்கும். அபெர்ச்சர் எனப்படும் லென்ஸ் துளையை அகலமாகத் திறந்தால் இந்த மங்கல் கூடும். லென்ஸுக்கு மிக அருகில் உள்ள மெல்லிய கம்பி, பறவை தூரத்தில் இருக்கும்போது, முற்றிலும் கரைந்து கண்ணுக்குத் தெரியாமலேயே போய்விடும். எனவே செய்ய வேண்டியவை இவை:

1. துளையை இயன்றவரை அகலமாக வைக்க வேண்டும். எஃப்/4, எஃப்/5.6 போன்ற சிறிய எண்கள் அகலமான துளையைக் குறிக்கும்.

2. அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள், லென்ஸை வலைக்கு எவ்வளவு அருகில் கொண்டுசெல்ல முடியுமோ அவ்வளவு அருகில் பிடிக்க வேண்டும்.

3. பறவை வலையை விட்டு விலகிக் கூண்டின் நடுவிலோ பின்புறத்திலோ இருக்கும் நேரத்துக்காகக் காத்திருக்க வேண்டும். வலையில் தொற்றிக்கொண்டிருக்கும் கிளியை எடுத்தால் கம்பி மறையாது.

4. லென்ஸின் பெரிதாக்கும் அளவை உச்சத்தில் வைக்க வேண்டும். 300 மி.மீ. அளவில் கம்பி மறைவது போல் 70 மி.மீ. அளவில் மறையாது.

5. வெயில் படாத பகுதியின் வழியே எடுக்க வேண்டும். வெயிலில் மின்னும் கம்பி மங்கினாலும் படத்தின் மேல் வெண்படலம் போலப் பரவும். தன் நிழல் கம்பியின் மேல் விழும்படி நின்றாலே இது குறைந்துவிடும்.

தானியங்கிக் குவியம் அடிக்கடி கம்பியைப் பிடித்துக்கொள்ளும். குவியப் புள்ளியை ஒன்றாகக் குறைத்து, அதை வலைக் கண்ணின் இடைவெளி வழியே பறவையின் மேல் வைத்தால் பெரும்பாலும் சரியாகும். அதற்கும் பிடிபடாவிட்டால் கையால் குவியப்படுத்தலாம்.

பல பூங்காக்களில் வலைக்கு ஓர் அடி, இரண்டடி முன்னால் ஒரு தடுப்புக் கம்பியும் இருக்கும். அதைத் தாண்டியோ அதன் மேல் ஏறியோ கையை நீட்டுவது கூடாது. பெரிய மக்கா கிளியின் அலகு கடினமான கொட்டையையே உடைக்கவல்லது. தடுப்புக்கு வெளியே நின்றாலும், பெரிதாக்கும் அளவும் அகலத் துளையும் வேலையைச் செய்துவிடும். எதுவும் பலிக்காத கூண்டுகளும் உண்டு. அங்கே வலையையும் சேர்த்தே எடுப்பதில் தவறில்லை. அது அந்த இடத்தின் உண்மையான பதிவாக அமையும்.

கண்ணாடி வழியே எடுத்தல்

பாம்பு இல்லங்களில் பார்வையாளர் நிற்கும் பக்கம் வெளிச்சமாகவும் உட்புறம் இருட்டாகவும் இருந்தால், கண்ணாடி ஒரு நிலைக்கண்ணாடி போலச் செயல்படும். பாம்பின் மேல் படமெடுப்பவரின் வெள்ளைச் சட்டை பதிவாவது இதனால்தான். அடர்நிற உடை அணிந்து செல்வதன் பயன் இங்கே தெரியும்.

லென்ஸின் முனையில் ரப்பர் வளையத்தைப் பொருத்தி, அதைக் கண்ணாடியின் மேல் மெதுவாக ஒட்டி வைப்பது மிகச் சிறந்த வழி. பக்கவாட்டு வெளிச்சம் லென்ஸுக்குள் நுழைய அப்போது வழியில்லை. ரப்பர் வளையம் இல்லாதவர் கறுப்புத் துணியையோ தம் உள்ளங்கையையோ லென்ஸைச் சுற்றி மறைப்பாக வைக்கலாம். லென்ஸைக் கண்ணாடிக்கு நேர்க்குத்தாகப் பிடிக்க வேண்டும். சாய்த்துப் பிடித்தால், தடித்த கண்ணாடியின் வழியே படம் இழுபட்டது போலத் தோன்றும்.

கண்ணாடியை நெருங்க முடியாதபோது போலரைசர் வடிப்பான் கைகொடுக்கும். நேர் எதிரே நிற்கும்போது அது பயன்படாது. பக்கவாட்டில் சாய்ந்து பார்க்கும்போதுதான் பிரதிபலிப்பைக் குறைக்கும். ஆனால் அது வெளிச்சத்தில் பாதிக்கும் மேல் விழுங்கிவிடும். ஏற்கனவே மங்கலாக உள்ள அறையில் இது பெரிய இழப்பு.

கண்ணாடியின் வெளிப்புறத்தில் விரல் ரேகையும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்திருக்கும். அவற்றை மென்மையான துணியால் துடைத்துவிட்டு எடுத்தாலே படத்தின் தெளிவு வெகுவாகக் கூடும். அடைப்புக்குள் வெப்ப விளக்கு எரிந்தால் படம் மஞ்சளாகவோ சிவப்பாகவோ வரும். கேமராவில் வெண்சமநிலையை விளக்கொளிக்கு ஏற்ப மாற்றினால் பாம்பின் உண்மையான நிறம் கிடைக்கும். இனத்தை அடையாளம் காண உதவும் படத்தில் நிறம் தவறாக இருக்கக் கூடாது.

பறவைகளை எடுத்தல்

பறவைப் படத்தில் கண் கூர்மையாக இருக்க வேண்டும். இறக்கை மங்கலாக இருந்தாலும் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். கண் மங்கினால் படமே பயனற்றதாகிவிடும். பறவைகளுக்கு மேல், கீழ் இமைகளோடு மூன்றாவதாக ஒரு மெல்லிய படலமும் உண்டு. அது கண்ணின் குறுக்கே ஓடும் நொடியில் எடுத்தால் கண் பால் படர்ந்தது போல் தெரியும். அதனால் ஒரே காட்சியை மூன்று நான்கு முறை எடுத்துக்கொள்வது நல்லது.

அமர்ந்திருக்கும் பறவைக்கு நொடியில் 250இல் ஒரு பங்கு ஷட்டர் வேகம் போதும். இறக்கை அடிக்கும் கூழைக்கடாவுக்கு 1000இல் ஒரு பங்கும், சிறிய பறவைகளுக்கு 2000இல் ஒரு பங்கும் தேவைப்படும். கேமராவைக் கையில் பிடித்து எடுப்போருக்கு எளிய விதி ஒன்று உண்டு: லென்ஸ் 300 மி.மீ. என்றால் ஷட்டர் வேகமும் குறைந்தது 300இல் ஒரு பங்காக இருக்க வேண்டும்.

வெண்ணிறப் பறவைகள் தனிக் கவனம் கேட்பவை. கொக்கு, அரிவாள் மூக்கன் போன்றவை இருண்ட பின்னணியில் நிற்கும்போது, கேமரா முழுக் காட்சியின் சராசரி வெளிச்சத்தைக் கணக்கிட்டுக் கூடுதல் ஒளியை அனுமதித்துவிடும். இறகின் கோடுகள் மறைந்து, பறவை வெள்ளைக் காகிதத்தில் வெட்டிய உருவம் போல் வரும். ஒளி ஈடு எனப்படும் அமைப்பை ஒரு படி குறைத்தால் இறகுகள் தெரியத் தொடங்கும். வெளிர்ந்த வானத்தின் முன் நிற்கும் காகம், நீர்க்காகம் போன்ற கறுப்புப் பறவைகளுக்கு ஒரு படி கூட்ட வேண்டும்.

அடுத்த கணம் பறவை என்ன செய்யும் என்பதை ஓரளவு முன்கூட்டியே அறியலாம். பறக்கப் போகும் பறவை பெரும்பாலும் உடலை முன்னோக்கிச் சாய்க்கும்; பல பறவைகள் அதற்குச் சற்று முன் எச்சமிடும். இறகு கோதி முடித்த பறவை பெரும்பாலும் உடலைச் சிலிர்த்து உலுக்கும். கொக்கு தலையை அசைக்காமல் கழுத்தைப் பின்னிழுத்தால் மீனைக் குறிபார்க்கிறது என்று பொருள். இவற்றைக் கவனித்தவரின் விரல் தக்க நேரத்தில் அழுத்தும்.

ஆண் மயிலின் நீண்ட தோகை இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் உதிர்ந்து, மறுபடி வளரும். தோகை விரித்த மயிலை எதிர்பார்த்து ஆண்டின் கடைசி மாதங்களில் செல்வோர் ஏமாற நேரிடும். ஆந்தைகள் பகலில் கண்ணை மூடி அமர்ந்திருப்பது இயல்பு. அவற்றைக் கண் திறக்கவைக்க ஒலி எழுப்புவது, இரவில் உறங்கும் மனிதரைத் தட்டி எழுப்புவதற்கு ஒப்பாகும். உறங்கும் ஆந்தையின் இறகுகள் மரப்பட்டையோடு எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் காட்டும் படமே அதன் வாழ்க்கையைச் சரியாகச் சொல்லும்.

ஊர்வனவற்றை எடுத்தல்

ஊர்வன தம் உடல் வெப்பத்துக்குச் சூழலை நம்பியிருப்பவை. இந்த ஓர் உண்மையை நினைவில் வைத்தால் எப்போது எங்கே நிற்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். காலையில் முதலைகளும் ஆமைகளும் கரையேறி வெயில் காயும். வெயில் ஏறியதும் நீருக்குள்ளோ நிழலுக்கோ போய்விடும். ஆகவே பூங்கா திறந்தவுடன் முதலைப் பகுதிக்கும், நண்பகலில் கூரைக்குக் கீழுள்ள பாம்பு இல்லத்துக்கும், மாலை வெயில் சாயும்போது பறவைகளுக்கும் செல்வது நல்ல வரிசை.

முதலைகள்

முதலை அசையாமல் இருக்கும் என்பதால் 125இல் ஒரு பங்கு ஷட்டர் வேகமே போதும். கரையில் வாயைத் திறந்தபடி கிடக்கும் முதலையைப் பார்த்து, அது சினந்திருக்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். உடல் வெப்பத்தைச் சீராக்க முதலை இவ்வாறு வாயைத் திறந்து வைப்பதுண்டு. படத்தின் கீழே முதலை சீறுகிறது என்று எழுதினால் அது தவறான தகவல் ஆகும்.

மூன்று இந்திய முதலைகளையும் வேறுபடுத்திக் காட்டும் படங்களுக்குக் கல்விப் பயன் மிகுதி. சதுப்புநில முதலையின் மூக்கு அகன்றது. அதன் தலைக்குப் பின்னால் பெரிய செதில்கள் வரிசையாக எழும்பி நிற்கும். உவர்நீர் முதலைக்கு அந்தப் பெரிய செதில்கள் பெரும்பாலும் இருக்காது. கண்ணிலிருந்து மூக்கு நோக்கி இரண்டு மேடுகள் ஓடும். கரியல் எனப்படும் மீனுண்ணும் முதலையின் மூக்கு மிக நீண்டு ஒடுங்கியது. வளர்ந்த ஆணின் மூக்கு நுனியில் பானை போன்ற புடைப்பு இருக்கும். இந்தியில் பானையைக் குறிக்கும் சொல்லிலிருந்தே அதன் பெயர் வந்தது. தலையை மேலிருந்து ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றுமாக எடுத்தால் இவ்வேறுபாடுகள் தெளிவாகும்.

பாம்புகள்

பாம்புக்கு இமை இல்லை. கண்ணின் மேல் ஒளி ஊடுருவும் செதில் ஒன்று மூடியிருக்கும். தோல் உரிப்பதற்குச் சில நாள்களுக்கு முன் அச்செதில் நீலம் கலந்த பால்நிறமாக மங்கும். அப்போது பாம்புக்குப் பார்வை சரியாக இராது. புதுத்தோலின் பளபளப்போடு படம் வேண்டுவோர், உரித்து முடித்த பின் மீண்டும் ஒருமுறை வருவதே வழி.

பாம்பு நாக்கை நீட்டி மணத்தை அறியும் காட்சிக்கு 500இல் ஒரு பங்கோ அதைவிட வேகமான ஷட்டரோ வேண்டும். மங்கலான அறையில் இதற்கு ஐஎஸ்ஓ எண்ணை 1600 அல்லது 3200 வரை உயர்த்த நேரும். படத்தில் சிறிது புள்ளிகள் தெரிவதால் பெரிய குறையில்லை. அசைவால் கலங்கிய படத்தைப் பிறகு சரிசெய்ய முடியாது.

படமெடுத்து நிற்கும் நாகத்தையே அனைவரும் விரும்புகின்றனர். அதைவிடப் பயன் தரும் படங்கள் பல உண்டு. கட்டுவிரியனும் நஞ்சற்ற ஓநாய்ப் பாம்பும் பார்வைக்கு ஒத்திருப்பதால் மக்கள் குழம்புகின்றனர். கட்டுவிரியனின் முதுகின் நடுவே பெரிய அறுகோணச் செதில்கள் ஒரே வரிசையாக ஓடும். ஓநாய்ப் பாம்புக்கு அவை இல்லை. முதுகை மேலிருந்து காட்டும் ஒரு தெளிவான படம் இந்த வேறுபாட்டை எளிதில் புரியவைக்கும். ஆயினும் அத்தகைய படத்தை நம்பி வீட்டில் கண்ட பாம்பை எவரும் நெருங்கக் கூடாது.

பச்சைப் பாம்புக்குக் கண்கொத்திப் பாம்பு என்ற பெயரும் உண்டு. மனிதரின் கண்ணைக் குறிபார்த்துக் கொத்தும் என்ற நம்பிக்கையால் வந்த பெயர் அது. அந்த நம்பிக்கையில் உண்மை இல்லை. அதன் மென்மையான நஞ்சு மனித உயிருக்கு ஆபத்தானதன்று. ஆனாலும் அந்தப் பெயராலேயே எத்தனையோ பச்சைப் பாம்புகள் அடித்துக் கொல்லப்படுகின்றன. அதன் கண்மணி கிடையாக நீண்டு சாவித் துளை போல் இருக்கும். அந்தக் கண்ணை அருகிலிருந்து காட்டும் படம் ஒன்றைப் பார்க்கும் குழந்தை, பாம்பை அடிக்கக் கம்பெடுப்பதற்கு முன் ஒரு கணம் தயங்கக்கூடும்.

வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில், 1978இல் அமைக்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சும் அங்கு எடுக்கப்பட்டு, பாம்புக்கடிக்கான மருந்து தயாரிக்க அனுப்பப்படுகிறது. நஞ்செடுக்கும் காட்சியைப் படமெடுப்போர், பாம்பின் வாயை மட்டும் எடுக்காமல் அதைப் பிடித்திருக்கும் கைகளின் நுட்பத்தையும் சேர்த்து எடுத்தால் படம் முழுமை பெறும்.

ஆமை, உடும்பு, ஓணான்

நின்றபடி கீழ்நோக்கி எடுத்தால் ஆமை ஒரு கல்லைப் போலத் தோன்றும். மண்டியிட்டு அதன் கண் மட்டத்துக்குக் கேமராவைத் தாழ்த்தினால் முகம் தெரியும். நட்சத்திர ஆமைக்கு ஓட்டின் கோலத்தைக் காட்ட மேலிருந்தும் ஒரு படம் தேவை. இதை வீட்டில் வளர்ப்பது இந்தியாவில் சட்டப்படி குற்றம் என்பதைப் படக்குறிப்பில் சேர்ப்பது நல்லது. அழகான ஆமைப் படத்தைப் பார்ப்போரில் சிலருக்காவது அதை வாங்கி வளர்க்கும் ஆசை வரும். அந்த ஆசையை நம்பியே கடத்தல் நடக்கிறது.

சட்டமும் நெறியும்

1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம், பூங்காவில் உள்ள எந்த விலங்கையும் சீண்டுவதையும், காயப்படுத்துவதையும், உணவிடுவதையும், ஒலி எழுப்பியோ வேறு வகையிலோ தொல்லை தருவதையும், குப்பை போடுவதையும் தடை செய்கிறது. இவை பூங்காவின் பலகையில் எழுதப்பட்ட வேண்டுகோள் மட்டுமல்ல. மீறினால் தண்டனைக்கு இடமுண்டு.

படமெடுக்கும் ஆவலில் இச்சட்டம் மூன்று வழிகளில் அடிக்கடி மீறப்படுகிறது.

முதலாவது கண்ணாடியைத் தட்டுவது. பாம்புக்கு வெளிக்காது இல்லாததால் அதற்கு எதுவும் கேட்காது என்று பலர் நினைக்கின்றனர். தரையிலும் அடைப்பிலும் பரவும் அதிர்வைப் பாம்பு தாடை எலும்பின் வழியே நன்கு உணரும். ஒருவர் தட்டுவது ஒரு நொடிதான். ஆனால் விடுமுறை நாளில் அந்தக் கண்ணாடியின் முன் வருவோரில் பலரும் ஒருமுறை தட்டினால், இமையும் இல்லாமல் ஓடி ஒளியவும் இடமில்லாமல் பாம்பு அந்த அதிர்வு முழுவதையும் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

இரண்டாவது முதலையின் மேல் கல்லும் தண்ணீர்ப் புட்டியும் எறிவது. உயிர் இருக்கிறதா பொம்மையா என்று பார்க்கவே பெரும்பாலோர் எறிகின்றனர். மணிக்கணக்கில் அசையாதிருப்பது முதலையின் இயல்பு. அதன் கண்ணையும் மூக்குத் துளையையும் சில நிமிடம் உற்றுக் கவனித்தால் உயிர் இருப்பது தெரிந்துவிடும். நீருக்குள் விழும் ஞெகிழிப் பொருளை முதலை விழுங்கிவிட்டால் அது வயிற்றிலேயே தங்கித் தீங்கு செய்யக்கூடும்.

மூன்றாவது ஃபிளாஷ். கூண்டுப் பறவை திடுக்கிட்டுப் பறந்தால் வலையில் மோதி அடிபடும். பாம்பால் கண்ணை மூட முடியாது. கண்ணாடியின் முன் ஃபிளாஷ் அடித்தால் படத்திலும் ஒரு வெள்ளைப் பொட்டுதான் பதிவாகும். கைபேசிகளில் ஃபிளாஷ் தானாக எரியும்படி அமைந்திருக்கக்கூடும். நுழைவாயிலிலேயே அதை அணைத்துவிடுவது நல்ல பழக்கம்.

மாணவர்களோடு செல்லும்போது

பள்ளிச் சுற்றுலாவில் நாற்பது பேரும் எல்லாக் கூண்டுகளையும் ஓடி ஓடிப் பார்த்தால் எவர் மனத்திலும் எதுவும் தங்காது. மாற்றாக இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வோர் இணைக்கும் ஒரு விலங்கைக் கொடுக்கலாம். முதல் இருபது நிமிடம் கேமராவைத் தொடாமல் பார்த்து எழுத வேண்டும்: விலங்கு எங்கே இருந்தது, எத்தனை முறை இடம் மாறியது, எதைப் பார்த்துத் திரும்பியது, வெயிலில் இருந்ததா நிழலில் இருந்ததா. அதன் பிறகு ஐந்து படங்களுக்கு மட்டும் அனுமதி. எண்ணிக்கை குறைவாக இருந்தால் ஒவ்வொரு படத்துக்கும் முன் மாணவர் யோசிப்பார்.

இப்படி இருபது நிமிடம் அமர்ந்து பார்த்த பிள்ளை கண்ணாடியைத் தட்டுவது அரிது. பக்கத்தில் வேறொருவர் தட்டினால் தடுக்கவும் செய்யும்.

படக்குறிப்பும் பகிர்தலும்

படத்தோடு இனத்தின் பெயர், எடுத்த இடம், நாள் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். பூங்காவில் எடுத்தது என்பதை ஒளிக்காமல் குறிப்பிடுவது கட்டாயம். இது நேர்மை சார்ந்தது மட்டுமன்று. ஒரு மாவட்டத்தில் எந்தெந்தப் பறவைகள் இயற்கையாக வாழ்கின்றன என்ற கணக்கு இன்று பொதுமக்கள் தரும் பதிவுகளைக் கொண்டும் தொகுக்கப்படுகிறது. தென் அமெரிக்க மக்கா கிளியை வண்டலூரில் எடுத்துவிட்டு இடத்தை மட்டும் பதிந்தால் அக்கணக்கு பிழையாகும். ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில், அடைத்து வளர்க்கப்படும் உயிரி என்று குறிக்கத் தனி வசதி உண்டு.

பூங்காவின் ஏரியில் தானாக வந்திறங்கிய நாரையையும், கூண்டில் வளர்க்கப்படும் நாரையையும் பிரித்து எழுத வேண்டும். முன்னது இயற்கைப் பதிவு, பின்னது அப்படியன்று. இரண்டும் ஒரே வளாகத்தில் சில நூறு அடி தூரத்தில் இருக்கக்கூடும் என்பதால் குறிப்பேட்டில் உடனே எழுதிக்கொள்வது அவசியம். கணினியில் வலையை அழித்துப் பின்னணியில் காட்டை ஒட்டுவதைத் தவிர்க்க வேண்டும். வெளிச்சத்தைச் சீராக்குவதும் ஓரத்தை வெட்டுவதும் ஏற்கத்தக்கவை.

தெளிவான படங்களைக் கட்டற்ற உரிமத்தில் விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றினால், தமிழ்க் கட்டுரைகளிலும் பாடக் குறிப்புகளிலும் எவரும் அவற்றைப் பயன்படுத்திக்கொள்ளலாம். பிற பார்வையாளர்களின், குறிப்பாகக் குழந்தைகளின், முகம் படத்தில் விழுந்திருந்தால் அதை நீக்கிவிட்டே பகிர வேண்டும்.

சுருக்கம்

- வலை: அகலத் துளை, வலைக்கு அருகில் லென்ஸ், வலையிலிருந்து விலகிய பறவை.
- கண்ணாடி: ரப்பர் வளையத்தை ஒட்டிப் பிடித்தல், அடர்நிற உடை, ஃபிளாஷ் இல்லாமை.
- வெள்ளைப் பறவை: ஒளி ஈடு ஒரு படி குறைவு.
- வானத்தின் முன் கறுப்புப் பறவை: ஒளி ஈடு ஒரு படி கூடுதல்.
- முதலை: காலை வெயில், 125இல் ஒரு பங்கு.
- பாம்பின் நாக்கு: 500இல் ஒரு பங்கு, உயர் ஐஎஸ்ஓ.
- எல்லா விலங்குகளுக்கும்: கண்ணில் குவியம், பெயர்ப்பலகையின் படம், தடுப்புக்கு இப்பால் நிற்றல், காத்திருத்தல்.